கையொப்பம் வைக்கும் முன்: யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவன். ஊர்ச்சனம் அவரைக் கடைசிவரை, சட்டத்தரணிக்கு அந்த நாளில் சொன்ன பேரால், ‘பிறக்கிராசியார்’ என்றே கூப்பிட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய புறோநோட்டுகளை, அதாவது கடனைத் தருவேன் என்று எழுதிக் கையொப்பமிடும் கடன் சீட்டுகளை, அடுக்கினால் ஒரு அலுமாரி நிறையும். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், கந்தோரும் பூட்டியாயிற்று. இப்போது காலையில் வாழைக்குத் தண்ணீர் விடுகிறேன், பின்னேரத்தில் சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது ஒரு கடதாசி.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தக் கடதாசியோடு வந்தாள். பிள்ளை என்கிறேன், அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. முன்பொரு காலம் கோழி வளர்க்கவென்று ஒரு நிதிக் கொம்பனியில் கடன் எடுத்தவள். கோழிக்கு நோய் வந்தது, தவணை நின்றது. கொஞ்சக் காலம் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பிறகு அதுவும் வரவில்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததல்லவா, அதில் தன்னுடையதும் போயிருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். இவளுடைய கடன் அந்தத் தொகைக்கு மேலே. இருந்தாலும் ஏழு வருடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை என்றால் யார்தான் அப்படி நினைக்கமாட்டார்?

இப்போது புதுப் பெடியன் ஒருவன் வந்து, “அன்ரி, இது ஓடிட்டுக்கு மட்டும்தான். காசு ஒண்டும் கேக்கேல்லை. மிச்சம் சரியெண்டு ஒரு சைன் வையுங்கோ” என்றிருக்கிறான். ஓடிட் என்றால் கணக்காய்வு. கடதாசி முழுக்க ஆங்கிலம். பெடியன் நல்ல மரியாதையாகப் பேசினானாம். அவளும் வைத்துவிட்டாள். வைத்த பிறகு பிரதியை என்னிடம் கொண்டு வந்து, “மாமா, இதில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.

மூன்றே வரிதான். இன்ன கடனில் இன்றைய திகதியில் இவ்வளவு தொகை நான் செலுத்த வேண்டியுள்ளது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அதைச் செலுத்தி முடிப்பேன். கீழே அவளுடைய கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், திகதி. காலம் கடந்து செத்துக் கிடந்த கடன் அந்த மூன்று வரியில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

உங்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் இந்த மடலை உங்களைத் தவிர மற்றவர்களும் வாசிப்பார்கள் என்ற எண்ணத்தில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள், கோபிக்கமாட்டேன்.

கடனைக் கேட்டு வழக்குப் போட ஒரு கால எல்லை உண்டு. எங்கள் நாட்டில் இந்தக் காலக் கணக்கைச் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம். கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், எல்லோரும் ‘பிறிஸ்கிரிப்ஷன்’ என்பார்கள். பத்து வருடம் காணியை ஆண்டால் உரிமை என்று சனம் பேசிக்கொள்வது இந்தச் சட்டத்தைத்தான். அதே சட்டத்தில் காசுக்கும் காலம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காணியை ஈடு வைத்து எடுத்த கடனுக்கு 10 வருடம். புறோநோட், எழுத்திலுள்ள ஒப்பந்தம் போன்றவற்றுக்கு 6 வருடம். எழுத்து ஒன்றுமில்லாமல் கொடுத்த கைமாற்றுக்கு 3 வருடம். கடைக் கொப்பியில் ஏறிய கடனுக்கும் வேலையாளின் கூலிக்கும் ஒரேயொரு வருடம். காசு தரவேண்டிய நாளிலிருந்து இது ஓடத் தொடங்கும். கேட்டவுடன் தருவேன் என்று எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்தே ஓடும். நோட்டுக்கு வட்டி கட்டி வந்தால் கடைசியாகக் கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இதற்கிடையில் ஒன்று. எங்கள் பெடியள் சட்டம் அறிய யூடியூப்பில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசுவதைப் பார்க்கிறார்கள். நல்ல தமிழ், நல்ல விளக்கம், பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். அங்கே புறோநோட்டுக்கும் மூன்று வருடம்தான். கடனை ஏற்று எழுதுவதும் அந்த மூன்று வருடம் முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு எழுதினால் வெறும் ஏற்பு போதாது, தருவேன் என்ற வெளிப்படையான வாக்குறுதியே வேண்டும். அதைக் கேட்டுவிட்டு இங்கே ஒருவர் ஐந்தாம் வருடத்தில் நோட்டைக் கிழித்துப் போட்டார். இன்னும் ஒரு வருடம் கையில் இருந்தது. தமிழ் ஒன்றுதான், கோடு வேறு.

சரி, ஓடும் காலத்தை மறுபடி முதலிலிருந்து ஓட வைப்பது எது? கடன்பட்டவர் ‘இந்தக் கடன் இருக்கிறது’ என்று ஏற்றுக்கொள்வது. ஆனால் எப்படி ஏற்றாலும் சரியில்லை. அதே கட்டளைச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, சொற்களால் மட்டும் செய்த ஏற்பு எடுபடாது, எழுத்தில் இருக்க வேண்டும், கடன்பட்டவரோ அவர் முறையாக அதிகாரம் கொடுத்த ஒருவரோ கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 1828இல் டென்டர்டன் பிரபுவின் பெயரால் வந்த சட்டத்தின் வழி இது. அதற்கு முன் அங்கே, ‘அவர் என்னிடம் கடனை ஒத்துக்கொண்டார்’ என்று இரண்டு சாட்சியைக் கொண்டு வந்து நிறுத்தினால் பழங்கடன் எல்லாம் உயிர்த்துவிடுமாம். பொய்ச் சாட்சியைத் தடுக்கத்தான் எழுத்துக் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் வாய்ச்சொல்லில் வாழ்ந்த எங்கள் ஊருக்கு அந்த நியாயம் எப்படி வந்து விழுகிறது என்பதை என் கதையிலேயே சொல்கிறேன்.

2014 ஆவணியில் என் மச்சான் ஒருவருக்கு மூன்று இலட்சம் கொடுத்தேன், மகளின் கலியாணச் செலவுக்கு. முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்கு நோட் எழுதிய நான், சொந்த மச்சானிடம் ஒரு துண்டு எழுத்து வாங்கவில்லை. வாங்கினால் அக்கா என்ன நினைப்பா? ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் தேருக்கு அவர் வருவார். ஒவ்வொரு தேரிலும் தானாகவே சொல்வார்: “மச்சான், நான் மறக்கேல்லை. அடுத்த வருசம் கட்டாயம் தருவன்.” 2015இல் சொன்னார், 2016இல் சொன்னார், 2017இல் வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பொய் சொல்லவில்லை, நெஞ்சாரத்தான் சொன்னார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பத்துப் பேரும் சாப்பிட வந்தவர்கள், அவ்வளவுதான். மூன்று வருடம் முடிந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

நான் வழக்குப் போட்டிருக்கமாட்டேன், அது வேறு கதை. ஆனால் போட முடியாத நிலைக்கு வந்தது என் வாய் கூசியதால்.

காலம் கடந்தால் கடன் இல்லை என்று ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்காடிப் பெறும் வழிதான் அடைபடுகிறது. அதுகூட, எதிராளி கோட்டுக்கு வந்து ‘காலம் கடந்துவிட்டது’ என்று தன் மறுமொழியில் எடுத்துச் சொன்னால்தான். நீதிபதி தானாகக் கணக்குப் பார்த்து வழக்கைத் தள்ளமாட்டார். அழைப்பாணையைக் கண்டு பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரும், கடன் எத்தனை வருடம் பழையதாக இருந்தாலும். கடன் உள்ளே உயிரோடு இருப்பதால்தான் காலம் கடந்த பின் வைக்கும் கையொப்பமும் அதை எழுப்பிவிடுகிறது. என் மச்சான் நாளைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பம் வைத்தால் எனக்கு மறுபடி வழக்குரிமை வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததும் அதேதான். எனக்கு நல்லதாக இருக்கும் சட்டம் அவளுக்குக் கெட்டதாக வந்தது. அதனால் இந்த மடலில் நான் கடன் கொடுத்தவர் பக்கமா, பட்டவர் பக்கமா என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கையில்தான் குடியிருக்கிறது.

எழுத்தில் இருந்தாலும் எந்த எழுத்தும் போதாது என்பதுதான் அடுத்த சிக்கல். எழுத்திலிருந்து ‘தருவேன்’ என்ற வாக்குறுதி தெரிய வேண்டும். ‘வாங்கினேன், ஆனால் தரமாட்டேன், செய்வதைச் செய்’ என்று கையொப்பத்தோடு எழுதித் தந்தால் அது கடனை எழுப்பாது. மறுப்பிலிருந்து வாக்குறுதியை எப்படி எடுப்பது? இன்னும் நுணுக்கமானது ‘இருக்கிற நேரம் தருகிறேன்’ என்பது. இங்கிலாந்தில் 1827இல் டானர் எதிர் ஸ்மாட் என்ற வழக்கில் கடன்பட்டவர் இப்படித்தான் சொன்னார்: இப்போது என்னால் முடியாது, முடிந்தவுடன் கட்டுவேன். அவருக்கு முடிகிற நிலை வந்தது என்று காட்டாதபடியால் அது போதாது என்று ஆயிற்று. இதை முதலில் பிறக்கிராசியார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘பெடியன் கனடாவிலிருந்து காசு அனுப்பினால் தருவேன்’ என்று எழுதிய எத்தனை கடிதங்களை எங்கள் கந்தோர் மேசையில் கண்டிருக்கிறேன்! அந்தக் கடிதம் கையில் இருப்பவர், காசு வந்தது என்பதையும் அல்லவா காட்ட வேண்டும்?

கடனில் ஒரு பகுதியைக் கட்டுவதும் காலத்தைத் திருப்பி ஓட வைக்கும். இங்கேதான் வசூலுக்கு வருபவர்கள் “ஒரு ஆயிரம் ரூபாவாவது போடுங்கோ அக்கா” என்று கேட்பதை வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபா கொம்பனிக்குப் பெரிய காசா? திகதி போட்ட பற்றுச்சீட்டுத்தான் அவர்களுக்கு வேண்டியது. கொடுத்தவர்கள் பக்கத்திலும் ஒரு பழக்கம் இருக்கிறது: நோட்டின் பின்புறத்தில் தாங்களே ‘வட்டி ரூபா இரண்டாயிரம் பெற்றேன்’ என்று எழுதி வைப்பார்கள். கட்டியவரின் கையொப்பம் அதில் இருக்காது. தன் கையால் தானே எழுதிய வரியை நம்பிக் கோட்டுக்குப் போகிறவர் ஏறும் படியிலேயே சறுக்குவார். சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். தைப்பொங்கலுக்கு முதல்நாள் கடன் கொப்பியைத் திறந்து, ஒவ்வொருவரின் பக்கத்திலும் மொத்தத்தைப் போட்டு, ‘இவ்வளவு தர வேண்டும், தருவேன்’ என்று அவர்களைக் கொண்டே எழுதுவித்துக் கையொப்பம் வாங்குவார், பிறகு ஒரு பை கற்கண்டு கொடுப்பார். ஒரு வருடக் கடன் அவருக்கு ஒருபோதும் காலாவதியானதில்லை. அவர் சட்டம் படித்தவர் இல்லை. தகப்பன் அப்படிச் செய்தாராம்.

இரண்டு பேர் சேர்ந்து பட்ட கடனில் ஒருவர் மட்டும் ஏற்று எழுதினால், அந்த எழுத்து எழுதியவரைத்தான் பிடிக்கும். மற்றவரைப் பிடிக்காது. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து கையொப்பமிட்ட கடன்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

எதெல்லாம் காலத்தை நிறுத்தாது என்பதிலும் சனம் நன்றாக ஏமாறுகிறது. “லோயர் நோட்டீஸ் அனுப்பியாச்சு, இனிப் பயமில்லை” என்று நிம்மதியாக நித்திரை கொண்டவர்கள் எத்தனை பேர். நோட்டீஸ் கடன் கொடுத்தவரின் எழுத்து, பட்டவரின் எழுத்து அல்ல. அவர் பதில் எழுதி ஏற்றால் சரி, பேசாமல் இருந்தால் காலம் தன் பாட்டில் ஓடும். பொலிசில் முறைப்பாடு போட்டாலும் அப்படித்தான். வழக்குக் கோட்டில் பதிவாக வேண்டும். இதை உங்களில் சிலர் கட்சிக்காரருக்குச் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நோட்டீஸுக்குக் காசு வாங்கும்போதே கடைசித் திகதி எது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டுக் கதை இன்னொன்று. இப்போது பாதிக் கடன் வட்ஸ்அப்பில் நடக்கிறது. தம்பி ஸ்காபுரோவில், அண்ணன் கோண்டாவிலில். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்வடிவில் உள்ள எழுத்துக்கும் கையொப்பத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நல்லது. ஆனால் எங்கள் ஆட்கள் எழுதுவதில்லை, வொய்ஸ் மெசேஜ்தான் போடுகிறார்கள். “தாறன் அண்ணை, யோசியாதேங்கோ” என்று உருகி உருகி மூன்று நிமிடம். குரல் குரல்தான், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். அண்ணன்மாருக்கு நான் சொல்வது ஒன்றே: ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். முத்திரைச் செலவை நீங்களே கொடுங்கள்.

இந்த மண்ணுக்கென்று ஒரு வலியும் இதில் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் நடந்தபோது தலையில் உரப்பை, கையில் பிள்ளை. நோட்டும் கொப்பியும் எடுத்தவர்கள் எத்தனை பேர்? திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கடனுக்குக் கடதாசி இல்லை, கடன்பட்டவர் வன்னியிலோ வேறு நாட்டிலோ. பிற்காலத்தில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, போரால் கோட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. ஆனால் அது காணிபூமிக்குத்தான், அதுவும் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கைமாற்றுக் காசுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. அந்த நாளையக் கடன்களில் பல பட்டவர்களின் மனச்சாட்சியால் தீர்ந்தன. லண்டனிலிருந்து இருபது வருடம் கழித்து வந்து, வட்டியோடு கட்டிவிட்டுப் போனவரையும் கண்டிருக்கிறேன். கட்டாதவர்களையும் கண்டிருக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அந்தப் பிள்ளையின் விஷயத்தை உங்களில் ஒருவர் பார்க்கிறார், அதனால் அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று வரி என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதை வசூலுக்கு வந்த பெடியன் எழுதவில்லை. கடன் இன்னது, தொகை இன்னது, திகதி இன்னது, செலுத்துவேன் என்ற வாக்குறுதி, கீழே கையொப்பம் என்று 12ஆம் பிரிவுக்கு வேண்டிய எல்லாம் அளந்து வைத்தாற்போல் அதில் இருக்கிறது. சட்டம் படித்த கை ஒன்றுதான் அதை எழுதியிருக்க முடியும். எழுதியது குற்றம் என்று சொல்லவில்லை, கொம்பனியும் உங்கள் கட்சிக்காரர்தானே. அப்படிப்பட்ட படிவத்தில் இன்னொரு வரியும் சேருங்கள், தமிழில்: ‘இதில் கையொப்பமிட்டால் இந்தக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் இன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.’ அதை வாசித்துவிட்டும் ஒருவர் கையொப்பம் வைத்தால் அது அவர் முடிவு. ஓடிட்டுக்கு என்று சொல்லி வாங்குவதை உங்கள் கட்சிக்காரர் செய்தால், செய்யாதே என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்தது, கடன் கொடுக்கும் எளிய சனத்துக்கு. வாய் கூசுகிறவர்களுக்கு ஒரு அச்சடித்த தாள் பெரிய துணை. ‘இது எல்லோரும் நிரப்புகிற படிவம்’ என்றால் மச்சானிடமும் நீட்டலாம். கந்தோரில் நாங்கள் எழுதி வந்தது இவ்வளவுதான்: ‘……… ஆம் திகதி ……… என்பவரிடம் நான் கடனாகப் பெற்ற ரூபா ………இல் இன்று ரூபா ……… செலுத்த வேண்டியுள்ளது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இத்தொகையை ……… ஆம் திகதிக்கு முன் செலுத்துவேன்.’ கீழே பெயர், கையொப்பம், அன்றைய திகதி, முடிந்தால் இரண்டு சாட்சி. இதை நீங்கள் பார்த்துத் திருத்தி, ஒரு பக்கத் தாளாக்கி, மறுபக்கத்தில் 10, 6, 3, 1 என்ற காலக் கணக்கையும் போட்டு, ஒவ்வொரு சனசமூக நிலையத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் சிக்கன கடனுதவு சங்கத்துக்கும் கொடுங்கள். தட்டச்சு வேலை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்து, நீங்களே மறுபடி வாசிக்க முடியாத தமிழில் மட்டும் போடாதீர்கள்.

மூன்றாவது, ஆள் வேண்டும். தாளை ஒட்டிவிட்டால் சனம் வாசிக்கும், ஆனால் தன் கடதாசியைக் கொண்டு வந்து ‘இதில் சைன் வைக்கலாமோ’ என்று கேட்க ஒரு முகம் வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, போகலாம். ஆனால் கந்தோர் என்றாலே கால் பின்வாங்குகிற சனம் இது. கையொப்பம் கேட்பவன் வீட்டு வாசலுக்கு வருகிறான், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் ரவுணில் இருக்கிறார்.

எங்கள் சனசமூக நிலையம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு சும்மாதான் கிடக்கிறது. நாற்பது கதிரை இருக்கிறது, ஒரு மின்விசிறி வேலை செய்கிறது, மற்றது செய்யாது. மாதம் ஒரு ஞாயிறு, உங்களில் ஒருவர், இரண்டு மணித்தியாலம். தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.